சம்பந்தி வீட்டுக் கருப்பு மாத்திரை

சென்னை விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்தபடி ஒருவர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். கோலாலம்பூரிலிருந்து என் மகன் குமரன் செய்த ஏற்பாடு. நான் அந்த அட்டையை நிதானமாகப் படித்தேன். பிறகு, யாரோ பாவம் நடக்க முடியாதவர் போலிருக்கிறது என்று முகத்தை வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போய்விட்டேன். அந்தத் திமிருக்குக் குடிநுழைவு வரிசை முடியும்வரை இரண்டு முட்டிகளும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தன.

வெளியே சம்பந்தி பிலோமினா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஓடித்தான் வந்தார், மிகைப்படுத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஈப்போவில் எங்கள் பிள்ளைகளின் கல்யாணம் நடந்தபோது இதே பிலோமினா கைத்தடியோடு வந்து, மேடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், கடைசிவரை எழுந்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நான். பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் மேடை ஏற முடியாமல் உட்கார்ந்திருக்க, மணமக்கள் கீழே இறங்கி வந்து ஆசி வாங்கிப் போனார்கள். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அவர் சென்னை, நான் ஈப்போ. எங்களுக்குள் முதலில் ஒத்துப்போனது முட்டிதான்.

போன தீபாவளிக்கு மருமகள் ஜெனி தன் அம்மா அனுப்பிய காணொளி ஒன்றைக் காட்டினாள். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் பிலோமினா கைத்தடி இல்லாமல் நடந்து போகிறார், திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கோ ஈப்போ மருத்துவமனையில் முட்டி மாற்று அறுவைக்கு ஜனவரியில் தேதி கொடுத்திருந்தார்கள். கத்தி என்றாலே எனக்குப் பயம். மயக்க மருந்தென்றால் அதைவிடப் பயம். “சென்னைக்குப் போய்ப் பார்க்கிறேன். அவரைக் குணமாக்கியது என்னையும் குணமாக்கினால் அறுவை வேண்டாம்” என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு திரும்பத்தான் இந்தப் பயணம்.

கிளம்பும்போது என் கணவர் ஒன்றே ஒன்று சொன்னார். “நீ மாப்பிள்ளையோட அம்மா. அங்க போய் உப்பு வேணும்னு கேட்டாகூட அது குறை சொன்ன மாதிரிதான். வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.”

பிலோமினாவின் வீடு அடையாறில் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடி. கணவர் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்தூக்கி கிடையாது. அவர் என் கைப்பையையும் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறிப் போய், மேலே நின்று எனக்காகக் காத்திருந்தார். நான் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினேன். டிசம்பர் மாதம். தெரு நெடுக மாடிகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. ஈப்போ மழை கொட்டு கொட்டென்று கொட்டி நின்றுவிடும். இங்கே தூறல், வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நாள் முழுக்க இறங்கியது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் பகலிலேயே எரிந்தன. எனக்கு வந்த நிமிடத்திலிருந்தே பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது.

இடியாப்பமும் தேங்காய்ப்பால் விட்ட ஆட்டுக்கறியும் போட்டார். நின்றுகொண்டே பரிமாறினார். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கப் போனேன்.

“ஐயையோ, சம்பந்தி, நீங்க தட்ட எடுக்கக்கூடாது. ஜெனிக்குத் தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவா.”

பிறகு என் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அசந்துபோனார். பாதிப் பெட்டி மருந்து. குளுக்கோசமின், மீன் எண்ணெய், மஞ்சளில் செய்த மாத்திரை, ஈப்போவில் எங்கள் தெருமுனைச் சீன வைத்தியர் கொடுத்த ஒட்டுப்பட்டை. “இவ்வளவையும் சாப்பிட்டும் வலி போகலையா?” என்றார். போகவில்லை. ஆனால் நிறுத்திப் பார்க்கவும் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

மறுநாள் மயிலாப்பூர். ஜெனி விசாரித்து வைத்திருந்த ஆயுர்வேத வைத்தியரிடம் போக வேண்டும். தனியாகவே ஆட்டோ பிடித்தேன். கைபேசியில் வரைபடத்தைத் திறந்து ஓட்டுநருக்கு வழி சொல்லப் போனேன்.

“இன்னாமா, அத்த பாத்துக்கினு வர்றியா? மெட்ரோ வேல நடந்துக்கினு கீது. நேத்து போன வழி இன்னிக்கி கெடையாது. அது போன வாரத்து ரோட்ட காட்டும்.”

அவருக்கும் இன்றைய ரோடு தெரிந்ததாகத் தெரியவில்லை. தகரத் தடுப்புகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி ஒரே பூக்கடையை நாங்கள் மறுபடி மறுபடி பார்த்தோம். கடைசியில் பூக்காரம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. “எறங்கி நடந்துடும்மா, தோ கிட்டதான் கீது” என்றார். இறங்கினேன். கிட்டதான் என்பது முட்டி நன்றாக இருப்பவர்களின் அளவு என்று நடந்தபோது தெரிந்தது. ஈப்போவில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை போய்க்கொண்டே இருக்கும். இங்கே நடைபாதையில் முதலில் ஒரு மரம், பிறகு ஒரு மின்பெட்டி, பிறகு ஒரு கோவில், அதைத் தாண்டினால் இளநீர் வண்டி. யாரும் அவசரப்படவில்லை என்பதால் நானும் படவில்லை.

வைத்தியர் ரங்கநாயகிக்கு நாற்பது வயது இருக்கலாம். கல்லூரியில் முறையாக ஆயுர்வேதம் படித்தவர். என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“தேஞ்சது தேஞ்சதுதாம்மா. அத நான் வளத்துத் தர முடியாது. வலிய கொஞ்சம் தணிக்கலாம், தொடைக்கு வலு வரும். ஆபரேஷன் தேதிய வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதைக் கேட்கவா கடல் கடந்து வந்தேன்? வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒட்டுப்பட்டை வரைக்கும் ஒப்பித்தேன். பத்தியம் சொன்னார். புளி கூடாது, தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது.

“முக்கியமா, பகல்ல தூங்கப்படாது.”

பகலில் தூங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மரக்கட்டிலில் படுக்க வைத்து, உளுந்து மாவைப் பிசைந்து இரண்டு முட்டிகளைச் சுற்றியும் வட்டமாக வரப்பு கட்டினார்கள். அதற்குள் இளஞ்சூடான தைலத்தை ஊற்றினார்கள். ஆற ஆற எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்றினார்கள். முட்டி இரண்டும் குட்டிக் கிணறுகளாக ஆகிவிட்டன. எள், வேர், ஏதோ ஒரு மரப்பட்டை எல்லாம் கலந்த வாசம். மேலே மின்விசிறி சுற்றலாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றியது. எங்கோ நாதஸ்வரம், எங்கோ தகரத்தை அறுக்கும் சத்தம். இரண்டும் ஒன்றாகிக் கொஞ்ச நேரத்தில் நான் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே நின்றிருந்தேன். அங்கே அந்த விமான நிலையத்து ஆள் என் பெயர் அட்டையோடு பொறுமையாக நின்றிருந்தார்.

“உறங்கக்கூடாது அம்மா” என்றார் தைலம் ஊற்றிய சிந்து. பாலக்காட்டுப் பெண். நான் தூங்கவில்லை என்றேன். என் குறட்டையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை பிலோமினா ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு, சின்னத் தட்டில் ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு கருப்பு மாத்திரையும் கொண்டுவந்து வைத்தார். சுக்கும் திப்பிலியும் மணந்தது.

“எண்ணெய் வேல செய்ய நாளாகும், சம்பந்தி. அதுவரைக்கும் நீங்க வலியோட இருக்கறத என்னால பாக்க முடியாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கல்யாணம் முடிஞ்சு திரும்பினதுலேருந்து சாப்பிடறேன், நான் இதாலதான் எந்திரிச்சேன். சுத்தமான மூலிகை.”

சம்பந்தி வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பாட்டில் ஒரு கரண்டியை மறுத்தாலே மூன்று கரண்டிக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதோடு, உள்ளதைச் சொன்னால், நான் தேடி வந்ததே அந்த மாத்திரையைத்தான். வாயில் போட்டு வெந்நீரைக் குடித்தேன்.

அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ, காலையில் கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைத்தேன். வைத்துவிட்டு வழக்கமான குத்தலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து நின்றேன். அப்போதும் வரவில்லை. சமையலறைக்குப் போய் பிலோமினாவிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருந்ததாக அப்போதுதான் சொன்னார்.

பிறகு வந்த நாட்களை நான் மிதந்தே கழித்தேன். விடியும்போது கடற்கரை. பனியில் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு மட்டும் பக்கத்தில் கேட்டது. நடப்பவர்களுக்காக ஒருவர் தள்ளுவண்டியில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றார். கொல்லிமலைக் கிழங்காம், மேலே ஆட்டுக்கால் போலவே ரோமம். மிளகு தூக்கலாக, தொண்டைக்கு இதமாக இருந்தது. நான் நடக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்திலிருந்தவரிடம், “பாத்தியா நைனா, மலேசியா அம்மா வந்தப்ப எப்டி நடந்துச்சு, நம்ம சூப்பு ஓட வுடுது” என்றார். மாடி வீட்டு கோமதி முடக்கத்தான் கீரை அரைத்து ஊற்றிய தோசையைத் தினமும் கொடுத்தனுப்பினார். அவரைப் பொறுத்தவரை என் முட்டி அந்தத் தோசையால் எழுந்தது. பிரண்டைத் துவையல் கொடுத்த கீழ்வீட்டுக்காரருக்கும் அதே உரிமை இருந்தது, நாக்கு அரித்ததைத் தவிர குறை சொல்ல முடியாது. ஒரு ஜோடி முட்டிக்கு இத்தனை பேர் பாத்தியதை கொண்டாடினார்கள்.

பசிதான் புதுசு. அப்படி ஒரு பசியை நான் அறிந்ததில்லை. மயிலாப்பூரில் கச்சேரி சீசன். சபாக்களில் உள்ளே பாட்டு, வெளியே கூடாரம் போட்டுச் சாப்பாடு. பாட்டுக்குப் போகிறேன் என்று பிலோமினாவை அழைத்துப் போய், வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அக்கார அடிசில், கீரை வடை, சேவை, மறுபடி கீரை வடை. பக்கத்து மேசையில் ஒரு மாமா தன் மனைவியிடம், “பாட்டு சுமார்தான், ஆனா இந்த வருஷம் ரசம் நன்னா பண்ணியிருக்கான், நாளைக்கும் வரலாம்” என்றார். பத்தியம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரவில் தூக்கம் குறைந்து பகலில் கனவு கூடியது. குளக்கரையில் நடந்தால் கால் தரையில் படவில்லை. குமரனுக்குப் போன் செய்து, தேதியை ரத்து செய்துவிடு என்றேன். “வந்து நேர்ல பேசிக்கலாம்மா” என்றான். சந்தேகப் பிராணி, அவன் அப்பாவைப் போல.

ஒரு வருடத்துக்கு மாத்திரை வாங்கிப் போக வேண்டும் என்று பிலோமினாவும் நானும் தி.நகர் போனோம். கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டம். துணிக்கடை வாசலில் நின்ற திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி, “வாங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போங்க, உக்காந்து மோர் குடிங்க” என்றார். துணி எடுக்காமலே குடித்துவிட்டு நகர்ந்தோம். கூட்டத்தில் யாரோ ஒருவரின் பை பிலோமினாவின் கையில் உரசியது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நீலமாகக் கன்றிவிட்டது.

“இப்பல்லாம் தொட்டாலே இப்படி ஆவுது, சம்பந்தி. வயசாயிடுச்சில்ல” என்று முந்தானையால் மூடிக்கொண்டார்.

மாத்திரைக்காரர் ஒரு வளையல் கடைக்கு மேலே இருந்தார். குறுகிய படியில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முட்டிவலிக்காரர்கள், இடுப்புவலிக்காரர்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் முகம் வட்டமாக, பளபளவென்று இருந்தது. நல்ல சாப்பாட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரைக்காரர் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். என் முட்டியை அவர் பார்க்கவே இல்லை. பெயர் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் கருப்பு மாத்திரைகளை அள்ளிப் போட்டார். எனக்குக் கொடுத்ததைத்தான் எனக்கு முன்னால் தோள்வலி என்று வந்தவருக்கும் கொடுத்தார்.

“இதுக்குப் பேரு என்னங்க?” என்றேன்.

“பேரச் சொன்னா பலிக்காதும்மா. டாக்டருங்ககிட்டயும் காட்டாதீங்க. அவங்களுக்குப் பொறாமை.”

பிலோமினா பக்தியோடு தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வைத்தியர் ரங்கநாயகி என்னை மறுபடி பார்த்த நாளில் நான் கட்டிலில் துள்ளி ஏறி உட்கார்ந்தேன். உங்கள் எண்ணெய் அற்புதம் என்றேன். ஊரில் எல்லோரும் பாராட்டை வாங்கிக்கொண்டபோது அவர் ஒருவர்தான் வேண்டாம் என்றார்.

“இவ்ளோ சீக்கிரத்துல இவ்ளோ குணமா? என் எண்ணெய்க்கு அத்தனை சாமர்த்தியம் கிடையாதும்மா.” என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “மூஞ்சி உப்பியிருக்கே. பசி எப்படி? ராத்திரி தூக்கம் வர்றதா? நடுவுல வேற ஏதாவது ஆரம்பிச்சேளா?”

கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். உடைத்துப் பார்த்தார், முகர்ந்தார், மேசையில் வைத்தார்.

“மேல சுக்கு வாசனை வர்றது. உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி லேபிள் இல்லாத மாத்திரைல ஸ்டீராய்டக் கலந்து விக்கறது உண்டு. ஒடனே வலி நிக்கும், பசிக்கும், மொகம் உப்பும். நீங்க கொஞ்ச நாள்தானே சாப்பிட்டிருக்கேள், இதோட விட்டுடுங்கோ. உங்க ஊருக்குப் போனதும் டாக்டர்ட்டயும் சொல்லிடுங்கோ. யார் கொடுத்தா?”

“எங்க சம்பந்தி.”

“அவா எவ்ளோ நாளா சாப்பிடறா?”

“ரெண்டு வருஷமா.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அவா திடீர்னு நிறுத்தவே படாது. அது ஆபத்து. சுகர், எலும்பு எல்லாத்தையும் பதம் பாத்திருக்குமே அது இந்நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போங்கோ. அங்க டாக்டர் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பா.”

பிலோமினாவின் அந்தக் கன்றிப்போன கை என் கண்முன் வந்தது. படியில் உட்கார்ந்திருந்த வட்ட முகங்களும் வந்தன.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். புதுசாக விட்டிருக்கும் தாழ்தளப் பேருந்து வந்து நின்றது. என்னைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் எதையோ அழுத்த, பேருந்து புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு என் பக்கமாகத் தாழ்ந்தது. பின்னால் நின்ற பூக்கூடைக்காரம்மா, “பாருடி, பஸ்ஸே முட்டி போடுது” என்று தன் மகளிடம் சொல்லிச் சிரித்தார். வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று அடையாறு வரை யோசித்தேன். அவர் பெண்ணைக் கொடுத்தவர், நான் எடுத்தவள். நான் சொல்லும் எதுவும் அவர் காதில் நோய் என்று விழாது, குறை என்றுதான் விழும். சொல்லாமல் போனால் அவருக்கு என்ன ஆகுமோ?

வீட்டுக்குள் நுழைந்தபோது பிலோமினா முக்காலி மேல் ஏறி நின்று பால்கனியில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா, போன கிறிஸ்துமஸ்ல இருந்து நானேதான் கட்டறேன்” என்றார். முதலில் இறங்குங்கள் என்று கையைப் பிடித்து இறக்கினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குழப்பமாகத்தான் சொல்லியிருப்பேன், நடுவில் மன்னிப்பெல்லாம் கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

“பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம், சம்பந்தி. எங்க வீட்டு மருந்து உங்களுக்கு ஒத்துக்கலன்னு.”

“அப்படி இல்ல, சம்பந்தி...”

“அந்த அம்மாவுக்கு அவங்க எண்ணெய் விக்கணும். உங்களுக்குக் குணமானது எண்ணெயாலதான்னு வச்சுக்கோங்க. விடுங்க.”

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் சமைத்தார். அப்படி ஒரு சமையலை நான் பார்த்ததில்லை. மீன் குழம்பு, கோழி வறுவல், முட்டை, கூட்டு, பாயசம். கோபம் ஏற ஏறப் பதார்த்தம் கூடியது. நின்றபடி பரிமாறினார். “இன்னும் கொஞ்சம்” என்பது தவிர வேறு சொல் இல்லை. மாத்திரையைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியும்படி வைத்து விழுங்கினார். நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். எண்ணெய்க்கு மட்டும் தினமும் மயிலாப்பூர் போய்வந்தேன். கனவுகள் மெலிந்தன. தகரம் அறுக்கும் சத்தம் தனியாக, நாதஸ்வரம் தனியாகக் கேட்கத் தொடங்கியது.

ஒரு காலையில் காலைத் தரையில் வைத்தேன். வலி வந்து உட்கார்ந்திருந்தது. பழைய வலிதான், என்னை நன்றாகத் தெரிந்த வலி. சுவரைப் பிடித்துக் குளியலறை வரை போய்விட்டேன். அங்கிருந்து எழ முடியவில்லை. வேறு வழியில்லாமல், “சம்பந்தி” என்று கூப்பிட்டேன்.

பிலோமினா வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, கூடத்துக்கு நடத்திக் கொண்டுவந்து உட்கார வைத்தார். புடவையை லேசாக விலக்கி என் முட்டிகளைப் பார்த்தார். இரண்டும் வீங்கியிருந்தன. வெகுநேரம் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, மனசுக்குள் எதையோ கழித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

“எண்ணெய் போட்டுக்கறத நிறுத்திட்டீங்களா?”

“இல்ல. நேத்துகூடப் போய்ட்டு வந்தேன்.”

“கோமதி தோசை?”

“சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன். சூப்பு, பிரண்டை எல்லாம்தான்.”

“மாத்திரை ஒண்ணத்தான் விட்டீங்க.”

“ஆமா, சம்பந்தி.”

அவர் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் முட்டிகளின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். “அப்ப என்னுதும் போயிடும்” என்றார். நான் ஈப்போவிலிருந்து எதைத் தேடி வந்தேனோ அது இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு முழுசாக உறைத்தது. ஆனால் எனக்காக வருத்தப்பட நேரமில்லை. இந்தப் பெண்மணி இரண்டு வருடமாக ஓடியாடியது எல்லாம் யாரோ கொடுத்த கடன் நடை. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நானே வந்து நிற்கிறேன்.

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். சர்க்கரை ஏறியிருந்தது. எலும்பு மெலிந்திருந்தது. முக்காலியில் ஏறியதை நான் சொன்னதும், கீழே விழுந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். கருப்பு மாத்திரைக்குப் பதிலாகப் பெயர் ஒட்டிய மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு வருடத்துக்கு வாங்கிய கருப்பு மாத்திரைகளை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே கொடுத்துவிட்டோம். அதில் கலந்திருந்தது ஸ்டீராய்டுதான் என்று பிறகு தகவல் வந்தது.

ஊர் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டேன். குமரனைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னேன். ஜனவரி தேதி அப்படியே இருக்கட்டும். விமான நிலையத்தில் எனக்கு அந்தச் சக்கர நாற்காலி வேண்டும், இந்தத் தடவை அட்டையைப் பார்த்ததும் நானே கையைத் தூக்குவேன். “பயமா இல்லையாம்மா?” என்றான். இருக்கிறது என்றேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாத்திரையின் அளவு இறங்க இறங்க பிலோமினாவின் நடை தளர்ந்தது. ஒரு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து பழைய கைத்தடியை எடுத்துத் துடைத்தார். துடைத்துவிட்டு முதலில் என்னிடம் நீட்டினார். “நீங்க விருந்தாளி” என்றார். எங்கள் பேச்சுவார்த்தை அதில்தான் பழையபடி ஆரம்பித்தது. நட்சத்திரத்தின் மீதிக் கயிற்றை கோமதியின் மகன் வந்து கட்டிவிட்டுப் போனான்.

நான் கிளம்புவதற்கு முந்தின மாலை மழை. கடற்கரை வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்தோம். பிலோமினா சோபாவில் காலை நீட்ட முடியாமல் நீட்டிக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். நான் வைத்தியர் ரங்கநாயகி கொடுத்த தைலத்தைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். தரையில் என்னால் உட்கார முடியாது. அதனால் அந்த முக்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

அவர் பதறிப்போய்க் காலை இழுத்தார். “வேணாம், சம்பந்தி. மாப்பிள்ளையோட அம்மா என் காலத் தொடறதா? யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க? ஜெனிக்குத் தெரிஞ்சா...”

“ஜெனிகிட்ட சொல்லாதீங்க.”

காலை விடாமல் பிடித்துக்கொண்டு தைலத்தைத் தேய்த்தேன். சிந்து தேய்ப்பதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கைவந்திருந்தது. மேலிருந்து கீழே, முட்டியைச் சுற்றி, மெதுவாக. இது தேய்ந்ததை வளர்க்காது, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். வெளியே மழையில் நட்சத்திரங்கள் எரிந்தன. கூடம் முழுக்க எள் வாசம். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கால் முடிந்து அடுத்த காலை எடுத்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

இரண்டு காலும் முடிந்தன. அவர் கண்ணைத் திறந்து தைலக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“போதும், சம்பந்தி. இப்ப நீங்க இங்க வாங்க. நான் அங்க உக்கார்றேன். கால இப்படிக் குடுங்க.”

இடம் மாறி உட்கார எங்கள் இருவருக்கும் வெகுநேரம் ஆனது.